பட்டறை வைத்து வடிவமைப்பது: கேளுங்கள், சொல்கிறேன்

தென்னாப்பிரிக்கா, சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, கோயில் அன்னதான முறையை மாற்ற ஒரு பட்டறை, அதாவது சேர்ந்து யோசித்துத் திட்டம் போடும் கூட்டம், வைக்கப் போகிறோம். யாரைக் கூப்பிடுவது?

கமிட்டி ஆட்களை மட்டும் உட்கார வைத்தால் இன்னொரு கமிட்டி மீட்டிங்தான் நடக்கும் தம்பி. சோறு வடிப்பவர், இலை எடுப்பவர், கால் வலியோடு வரிசையில் நிற்கும் பாட்டி, இவர்கள் வேண்டும். நம் டர்பனில் தெரு வியாபாரிகள் கூடும் வார்விக் சந்திப்பைப் போய்ப் பாருங்கள். சும்மா கிடந்த மேம்பாலத் துண்டு 1990களின் கடைசியில் மூலிகைச் சந்தையானது, விற்பவர்களோடு உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டார்கள். 2008இல் தொடங்கிய, தெருவோரத் தொழிலாளர்களுக்கு உதவும் ஆசியே எட்டஃபுலேனி அமைப்பு, பழைய அட்டை சேகரிப்பவர்களோடு சேர்ந்தே அவர்களுக்குத் தள்ளுவண்டி வடிவமைத்தது. வண்டி எங்கே இடிக்கிறது என்று இழுப்பவருக்குத்தானே தெரியும்? ஒன்று மட்டும்: முடிந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் கூப்பிடாதீர்கள்.

ஃபீனிக்ஸ்: எங்கள் கூட்டத்தில் ரெண்டு பேர்தான் பேசுகிறார்கள்.

முதல் பத்து நிமிஷம் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஆளுக்கொரு தாள் கொடுங்கள், எழுத வராதவர் படம் போடட்டும். யேல் பல்கலைக்கழகத்தார் 1958இல் வெளியிட்ட ஆய்வில், நால்வர் கூடி யோசித்ததைவிட, தனித்தனியாக யோசித்த நால்வரின் பட்டியலைச் சேர்த்தபோது அதிக யோசனைகள் இருந்தன. அப்புறம் தாள்களைச் சுவரில் ஒட்டிப் பேசுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: எந்த ஆப் நல்லது?

தாளும் பேனாவும்.

டர்பன்: வார்விக்கைப் புகழ்கிறீர்கள். அங்கேயே 1910இலிருந்து இருக்கும் எர்லி மார்னிங் மார்க்கெட் இடத்தில் 2009இல் மால் கட்டப் பார்த்தார்களே, மறந்தாச்சா? கலந்து பேசுவதெல்லாம் கண்துடைப்பு.

மறக்கவில்லை அண்ணா. வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள், மால் வரவில்லை. முடிவை வேறு அறையில் எடுத்துவிட்டுப் பட்டறை நடத்தினால் அது கண்துடைப்புதான், நீங்கள் சொல்வது சரி. அதனால்தான் முடிவை மாற்ற அதிகாரம் உள்ள ஆள் வருகிறாரா என்று முதலில் கேட்கிறேன். வரவில்லையா, தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

அவரே: வந்தாலும் கையெழுத்து அவர் கையில்தானே?

ஆமாம். பணம் இவ்வளவு, இடம் இது, இதைத் தொட முடியாது, மற்றதை மாற்றலாம் என்று தொடக்கத்திலேயே எல்லார் முன்னாலும் அவரையே சொல்ல வையுங்கள், சொன்னதைச் சுவரில் எழுதுங்கள். சாயங்காலம் அவர் பின்வாங்கினால் அத்தனை பேரும் சாட்சி. இது போதாது என்றால் போராட்டம்தான், அது பட்டறையின் வேலை இல்லை.

லெனேசியா: ஆன்லைனில் நடத்த ஆப் ஏதாவது?

மேலே பாருங்கள். மறுபடியும் ஆப் கேட்காதீர்கள்.

டோங்காட்: ஒரே நாளில் பொருள் ரெடியாகுமா?

யோசனை ரெடியாகும். அட்டையில் மாதிரி செய்து, அடுத்த வாரம் ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் தடுமாறும்போது விளக்கப் போகாதீர்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்த வரைபடத்தோடு போகாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

லெனேசியா: காப்புரிமை?

வக்கீலைக் கேளுங்கள்.