பக்காரிச்: எந்தப் பதவியை அளவுகோலாகக் கொள்வது?

கேள்வி: முதுகலை வரலாற்று மாணவன் நான். குரோவேஷியத் தலைவர் விளாதிமிர் பக்காரிச் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். 1945 முதல் 1953 வரை பிரதமர், பிறகு 1963 வரை நாடாளுமன்றத் தலைவர் என்கின்றன குறிப்புகள். 1953இல் அவரைப் பதவியிறக்கிவிட்டார்களா? ஆய்வை எங்கே முடிப்பது?

பதில்: பதவியிறக்கம் எதுவும் இல்லை. நீங்கள் அரசுப் பதவிகளை மட்டும் பார்க்கிறீர்கள். குரோவேஷியா அப்போது யூகோஸ்லாவியக் கூட்டாட்சியின் குடியரசுகளில் ஒன்று. அங்கே முடிவெடுத்த இடம் கம்யூனிஸ்ட் கட்சி. 1944 அக்டோபரில், போர் ஓயும் முன்பே, அதுவரை செயலாளராக இருந்த ஆந்திரியா ஹெப்ராங்கை விலக்கிவிட்டு குரோவேஷியக் கட்சியின் செயலாளர் பொறுப்பைப் பக்காரிச்சிடம் ஒப்படைத்தார்கள். 1969 வரை கட்சித் தலைமை அவரிடமே இருந்தது. பிரதமர் நாற்காலிக்கு யாக்கோவ் பிளாஜெவிச் வந்த பிறகும் கடிவாளம் கைமாறவில்லை. 1952இல் கட்சி 'கம்யூனிஸ்ட் லீக்' என்று பெயர் மாறியதால் ஆவணங்களில் பெயர்கள் வேறுபடும், குழம்ப வேண்டாம்.

ஆய்வேட்டின் உயிர்நாடி 1969க்குப் பிந்தைய பகுதிதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஆண்டு கட்சித் தலைமையை சாவ்கா தாப்செவிச்-குச்சாரிடம் விட்டுவிட்டு, மத்தியக் கட்சியின் நிர்வாகக் குழுவுக்குப் போனார். குடியரசுகளுக்குக் கூடுதல் உரிமை கேட்ட சாவ்காவையும் மிக்கோ திரிபாலோவையும் வளர்த்துவிட்டவர் அவர். 1970 ஜனவரியில் குரோவேஷிய மத்தியக் குழு கூடியபோதும் அவர்கள் பக்கமே நின்றார். அந்த உரிமைக் கோரிக்கை இயக்கமாகித் தெருவுக்கு வந்து மாணவர்கள் கையில் போகத் தொடங்கியதும் பின்வாங்கினார். 1971 டிசம்பர் தொடக்கத்தில் கராஜோர்ஜெவோ என்ற ஊரில் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ குரோவேஷியத் தலைமையைக் கண்டித்தபோது பக்காரிச் டிட்டோவின் பக்கம். சில நாட்களில் சாவ்காவும் திரிபாலோவும் பதவி விலகினார்கள். கட்சித் தலைமை மில்கா பிளானிஞ்சிடம் போனது. அப்போது குரோவேஷியக் கட்சித் தலைமையிலோ அரசிலோ பக்காரிச் இல்லை. இருந்தும் அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதற்குக் குரோவேஷியத் தலைநகர் ஸாக்ரெபில் மதிப்பு இருந்தது. பதவிப் பட்டியலை மட்டும் நம்பினால் இந்த இடத்தில்தான் கோட்டை விடுவீர்கள்.

எனவே அத்தியாயங்களை 1944, 1969, 1971 என்று பிரியுங்கள். 1953, 1963 இரண்டும் உட்தலைப்புகளாக இருந்தால் போதும். 1974 முதல் அவர் கூட்டாட்சித் தலைமைக் குழுவில் குரோவேஷியாவின் உறுப்பினர். 1983 ஜனவரி 16 அன்று ஸாக்ரெபில் காலமானார். சுழற்சி முறையில் நாட்டின் தலைமை அந்த ஆண்டு மே மாதம் குரோவேஷியாவுக்கு வந்தது. அவருடைய இடத்துக்கு வந்திருந்த மிக்கா ஷ்பில்யாக் அதை ஏற்றார். ஆய்வை அங்கே நிறுத்தலாம்.