புள்ளிகளின் கனம்

வணக்கம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் அசைவூட்ட மென்பொருளில் சிறு அசைவுப் படங்கள் செய்து, லாட்டி வடிவில் இணையச் சந்தைகளில் விற்பனைக்கு வைக்கிறேன். கோப்பு கனமாக இருக்கிறது என்று பலவற்றைத் திருப்பி அனுப்புகிறார்கள். ஏற்றுக்கொண்டவையும் விற்பதில்லை. இன்னும் நுணுக்கமாக வரைய வேண்டுமா?
ர., கோவை

அன்புள்ள ர.,

நுணுக்கம் கூடியதால்தான் கோப்பு கனத்திருக்கும் என்று நினைக்கிறேன். லாட்டி என்பது காணொளி அல்ல, அசைவை எண்களாக எழுதிவைத்த ஜேசன் (JSON) எனும் உரைக் கோப்பு. அந்த எண்களை ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலிருந்து எடுத்துத் தருவது ஹெர்னான் டொரிசி உருவாக்கிய பாடிமூவின் என்னும் செருகுநிரல். செல்பேசிச் செயலிகளில் அவற்றை வரைந்து காட்டுவது 2017இல் ஏர்பிஎன்பி நிறுவனம் வெளியிட்ட லாட்டி நிரல். ஒரு கையைத் தோள்பட்டையை மையமாக வைத்துச் சுழற்றினால், கீஃபிரேமுக்கு (அசைவு மாறும் இடமாக நாம் குறிக்கும் கணத்துக்கு) ஒரு கோண அளவு பதிவானால் போதும். அதே கையின் வெளிக்கோட்டையே வளைத்து அசைத்தால், கோட்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியின் இடமும், அதன் வளைவைத் தீர்மானிக்கும் இரு கைப்பிடிகளின் இடமும் கீஃபிரேம்தோறும் மறுபடி எழுதப்படும். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் இமேஜ் டிரேஸ் செய்து (படத்தைத் தானாகக் கோடுகளாக மாற்றி) எடுத்த படமென்றால் புள்ளிகளுக்குக் கணக்கே இருக்காது. எனவே, புள்ளிகளைக் குறைத்து, உறுப்புகளைத் தனித்தனி ஷேப் லேயராக (வடிவ அடுக்காக)ப் பிரித்துச் சுழற்றுங்கள். லாட்டி நிரலுக்கு யாருடைய பெயரை வைத்தார்களோ, அந்த ஜெர்மானிய அசைவுப்படக் கலைஞர் லோட்டே ரைனிகரும், அட்டையில் வெட்டிய உருவங்களை மூட்டு மூட்டாகப் பிணைத்துத்தான் அசைத்தார்.

நிழலுக்காகச் செருகும் பிஎன்ஜி படமும் கோப்பின் எடையைக் கூட்டும். புளர் (மங்கல்), குளோ (ஒளிர்வு) போன்ற விளைவுகள் உங்கள் திரையில் தெரிந்தாலும் வாங்குபவரின் செயலியில் தெரியாமல் போகலாம்.

விற்பனையைப் பொறுத்தவரை, வாங்குபவர் பெரும்பாலும் செயலியோ இணையதளமோ வடிவமைப்பவர். பணம் செலுத்தப்பட்டதைக் காட்டும் டிக் குறி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதே கோட்டுத் தடிமனிலும் நிறத்திலும் ‘பணம் செல்லவில்லை’, ‘காத்திருக்கவும்’, ‘இணைய இணைப்பு இல்லை’ ஆகியவையும் இல்லாவிட்டால் அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தனிப் படங்களை விட்டுவிட்டுத் தொகுப்பாகச் செய்யுங்கள். முதல் ஃபிரேமும் கடைசி ஃபிரேமும் பொருந்தாமல் துள்ளும் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் அசைவை) யாரும் வாங்கமாட்டார்கள். லேயர்களுக்குப் புரியும்படி பெயர் வைத்தால் வாங்கியவர் நிறத்தை எளிதில் மாற்றிக்கொள்வார். தலைப்பையும் குறிச்சொற்களையும், கவித்துவம் பாராமல், அவர்கள் தேடும் ஆங்கிலச் சொற்களிலேயே கொடுங்கள்.

சந்தாத் தளங்களில் ஒரு பதிவிறக்கத்துக்குச் சில்லறைதான் கிடைக்கும். ஆகவே, ஒரு படைப்பை விற்கும் உரிமையை ஒரே தளத்துக்கு மட்டும் எழுதிக்கொடுக்கும் முன் ஒப்பந்தத்தை முழுவதும் படியுங்கள். அடுத்த தொகுப்பை ஏற்றுமுன் விலை குறைந்த ஆண்ட்ராய்டு செல்பேசி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் திணறுகிறதோ அந்த லேயரிலிருந்து திருத்தத் தொடங்கலாம்.