ஹெட்டைக் கழற்றும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் இருக்கிறேன். பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கொள்முதல் நிலையத்திலிருந்து கிடங்குக்கு நெல் மூட்டை ஏற்றுகிறேன். காலி வண்டியில் எந்தத் தொந்தரவும் இல்லை. லோடு ஏற்றி அரை மணி நேரம் ஓட்டினால் ஊசி சிவப்புக்குப் போய்விடுகிறது, தண்ணீரைக் கக்குகிறது. எங்கள் மெக்கானிக் ‘ஹெட் பேக்கிங் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கணும்’ என்கிறார். டிரைவர் தெர்மோஸ்டாட்டை (சூடானதும் தண்ணீருக்கு ரேடியேட்டர் வழியைத் திறந்துவிடும் வால்வு) கழற்றிப் போட்டால் போதும் என்கிறார். தெரிந்த தரகர் ஒருவர் ரேடியேட்டரைத் தானே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு மூன்று பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. காலியாக ஓடினால் சூடாவதில்லை, லோடு ஏறினால்தான் சூடாகிறது, அதுவும் அரை மணி நேரம் கழித்து. இன்ஜின் உண்டாக்கும் சூட்டை ரேடியேட்டரால் வெளியே தள்ள முடியவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. நம் பக்கம் மலை கிடையாது. திருத்துறைப்பூண்டிக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் வண்டி ஏறுகிற மேடு என்றால் ஆற்றுப் பாலங்கள்தான். இந்தத் தட்டை நிலத்தில் நிதானமாகப் போகிற லாரி கொதிக்கிறது என்றால் முதல் சந்தேகம் அடைப்பின் மேல் விழ வேண்டும்.

மெக்கானிக் சொன்னதைச் சோதிக்கச் செலவே இல்லை. காலையில் இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை தண்ணீர் நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் உள்ளே மாட்டிய காற்று நாலைந்து குமிழாக வரும், அது பரவாயில்லை. நிற்காமல் குமிழ் கிளம்பிக்கொண்டே இருந்தாலோ, ஆயில் குச்சியில் ஆயில் வெளுத்துக் குழம்பி வந்தாலோ ஹெட் பேக்கிங்கைச் சந்தேகிக்கலாம். மூடியைப் போட்டு ஓடவிட்டதும், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும் அதே சந்தேகம்தான். இவை ஒன்றுமே இல்லையென்றால், எதை வைத்து ஹெட்டை இறக்கச் சொன்னார் என்று மெக்கானிக்கிடமே கேளுங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்க ஓட்டிக்கொண்டே இருந்தால் பேக்கிங் உண்மையாகவே போய்விடும், அவர் வாக்கும் பலித்துவிடும்.

அடைப்பு இரண்டு இடத்தில் வரும். வெளியே வருவது காற்று போகிற வழியில். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்தில் தூற்றுகிற தூசி, பதர், சுணை எல்லாம் ரேடியேட்டர் தகடுகளுக்கு இடையில் போய் உட்காரும். அதன் மேல் கொஞ்சம் ஆயில் கசிவு பட்டால் பிசுக்காகப் பிடித்துக்கொள்ளும். டர்போ வண்டி என்றால் ரேடியேட்டருக்கு முன்னால், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருக்கலாம். இருந்தால், முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். இரண்டுக்கும் நடுவில்தான் பதர் கம்பளி மாதிரி படிந்திருக்கும். அவற்றைப் பிரித்துத்தான் கழுவ வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டு, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸில் முழு பிரஷரில் கிட்டே வைத்து அடித்தால் தகடு மடங்கி, இருந்த வழியும் மூடிவிடும்.

உள் அடைப்புதான் நம் ஊர் வியாதி. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடி நீர் உப்பு. மற்ற இடங்களில் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு இன்ஜினுக்குள்ளும் படியும். மேட்டூர் திறந்து புதுத் தண்ணீர் வரும்போது வாய்க்காலில் மொண்டு ஊற்றினால் வண்டலும் கூடவே போகும். அப்புறம் ஒழுகுவதை நிறுத்த மஞ்சள் தூள். யார் ஆரம்பித்து வைத்தார்களோ தெரியாது, மஞ்சள் தூள் போடாத பழைய லாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஓட்டையை அடைக்கிற தூள் குழாயையும்தான் அடைக்கும்.

கண்டுபிடிக்கும் வழி: வண்டி நன்றாகச் சூடானதும் இன்ஜினை நிறுத்திவிட்டு, மூடியைத் தொடாமல், ரேடியேட்டர் முகப்பில் கையைக் கிட்டே கொண்டுபோய் இடம் இடமாகச் சூடு பாருங்கள். சில பகுதி கொதித்து, சில பகுதி வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

படிவு லேசாக இருந்தால் கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் பிளஷ் ஊற்றி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் ஓடவிட்டு, ஆறிய பிறகு இறக்கிவிட்டு, கீழ் ஹோஸ் வழியாகத் தண்ணீர் விட்டு எதிர்த்திசையில் அலச வேண்டும். ரேடியேட்டர் திருகை மட்டும் திறந்தால் போதாது, இன்ஜின் பிளாக்கில் இருக்கும் வடிகால் திருகையும் திறக்கச் சொல்லுங்கள். சேறு அங்கேதான் தங்கும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவரை வண்டிப் பக்கமே சேர்க்காதீர்கள். அது ஈயப் பற்றையும் அலுமினியத்தையும் தின்றுவிடும்.

இறக்கிய பழைய கூலன்டை (ரேடியேட்டர் தண்ணீரோடு கலக்கும் குளிர்விப்புத் திரவம்) வாய்க்காலில் விடக் கூடாது. இனிப்பாக இருக்கும், ஆடு மாடு குடித்துவிடும், விஷம்.

படிவு இறுகியிருந்தால் ரேடியேட்டரை இறக்கி, பட்டறையில் டேங்கை எடுத்துவிட்டு ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். செம்பு, பித்தளை ரேடியேட்டருக்குத்தான் இது. பிளாஸ்டிக் டேங்க் வைத்த அலுமினிய ரேடியேட்டராக இருந்தால் ‘கோர்’ எனப்படும், குழாயும் தகடும் சேர்ந்த நடுப்பகுதியையே மாற்றிவிடுங்கள்.

இப்போது உங்கள் தரகரிடம் வருகிறேன். செம்பு என்ன விலை விற்கிறது என்று பழைய இரும்புக் கடையில் ஒரு தடவை விசாரித்துவிட்டு மேலே படியுங்கள். பழைய லாரியின் ரேடியேட்டரில் வெறும் உலோக மதிப்பே நல்ல தொகை. நீங்கள் அனுப்புவது உங்கள் கோர், திரும்பி வருவது கறுப்புப் பெயின்ட் பளபளக்கும் இன்னொருவர் கோர். அல்லது அதே கோர்தான் வரும், ஒழுகின குழாய்களுக்கெல்லாம் இரண்டு முனையிலும் ஈயம் வைத்து மூடியிருப்பார்கள். ஒழுகாது, உண்மை. தண்ணீரும் ஓடாது. சில குழாய் மூடினால் தாங்கும், வரிசை வரிசையாக மூடினால் புது அடைப்பைக் காசு கொடுத்து வாங்கியது போலாகும். இதில் பட்டறைக்காரர் வாங்குவது ஒரு தொகை, தரகர் உங்களிடம் சொல்வது வேறு தொகை.

ஆகவே நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் எடை போடுங்கள், நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பக்கச் சட்டத்தில் ஆணியால் ஒரு அடையாளம் கீறுங்கள். டேங்கைத் திறந்தவுடன் குழாய் வாய்களைக் காட்டச் சொல்லுங்கள், மூடும் முன்பும் காட்டச் சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அடுத்த பட்டறைக்குப் போங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் வேலை வேண்டாம். பல டீசல் இன்ஜின்களில் அது திறக்கும்போது, ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்கு வழியையும் சேர்த்து மூடும். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு குறுக்கு வழியிலேயே சுற்றும், சூடு கூடும். சந்தேகம் இருந்தால் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள், திறக்காவிட்டால் புதிது போடுங்கள்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் அடைப்பு போலவே ஏமாற்றுகிற ஒரு கோளாறு உண்டு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நின்றுகொண்டிருக்கும் வண்டியில் யார் கண்ணுக்கும் படாது. ரேடியேட்டரின் கீழிலிருந்து வாட்டர் பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். பல வண்டிகளில் அது ஒட்டிப்போகாமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் இருக்கும். சுருள் துருப்பிடித்து உதிர்ந்தாலோ, ரப்பர் ஊறித் தளர்ந்தாலோ, ஐடிலில் ஹோஸ் உருண்டையாகத்தான் இருக்கும், அமுக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஆக்ஸிலரேட்டர் மிதித்து பம்ப் வேகமாக உறிஞ்சும்போது மட்டும் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். காலை எடுத்ததும் விரிந்துவிடும். லோடில் மட்டும் சூடாவதற்கு இதுவும் காரணமாகலாம். ஒருவரை மிதிக்கச் சொல்லி, ஃபேனுக்கு எட்டி நின்று ஹோஸையே பாருங்கள். ஒட்டினால் சுருள் உள்ள புது ஹோஸ் போடுங்கள். அப்படியே ரேடியேட்டர் மூடியையும் மாற்றுங்கள், அது தாங்கும் அழுத்தத்தில்தான் கொதிநிலை உயர்கிறது. சுமார் அரை பார் அழுத்தம் நின்றாலே தண்ணீர் 110 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ரப்பர் செத்த மூடி 100-லேயே கக்கவைக்கும்.

மறுபடி நிரப்பும்போது நல்ல கூலன்டும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி. மலிவாக வரும் சீல் இல்லாத கேன் பல நேரம் பச்சைச் சாயத் தண்ணீர்தான், பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

இதையெல்லாம் வண்டிக்காரரே கவனிக்க வேண்டியிருப்பதுதான் எரிச்சல். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போனால் பெயின்டும் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் சரியாக ஒட்டியிருக்க வேண்டும். அங்கே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தவரை நான் பார்த்ததில்லை. கொள்முதல் நிலையத்தில் லோடுக்கு நாள் கணக்கில் தூசிக்குள் நிற்கவைப்பார்கள், ஏற்றியவுடன் உடனே கிடங்குக்குப் போ என்று விரட்டுவார்கள். வழியில் கொதித்தால் வாய்க்கால் தண்ணீரைத்தானே டிரைவர் ஊற்றுவார்? இரண்டு கேன் கலந்த கூலன்டைக் கேபினில் போட்டுவையுங்கள். ஊற்றுவதும் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகுதான். சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும், சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட்டில் விரிசல் விழும்.

வேலை முடிந்ததும் முழு லோடில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஃபேன் பெல்ட், ஃபேன், வாட்டர் பம்ப் எல்லாம் சரியாக இருந்தும் ஊசி ஏறினால், அப்போது ஹெட்டை இறக்கச் சொல்லுங்கள். இறக்கினால் லேத்தில் கொடுத்து வளைவு பார்த்த பிறகுதான் புது பேக்கிங் போட வேண்டும். பேக்கிங்கை மட்டும் மாற்றி மூட விடாதீர்கள்.