தங்கைக்கு லைசென்ஸ் கிடையாதா?

கேள்வி: நண்பர்கள் மூவர் 48 மணி நேர கேம் ஜாம் ஒன்றில், அதாவது அந்த நேரத்துக்குள் ஒரு கேமை உருவாக்கி முடிக்கும் நிகழ்வில், கலந்துகொண்டோம். நானும் ஒருவனும் புரோகிராமிங், இன்னொருவன் லெவல் டிசைன். படங்களை என் தங்கை வரைந்து தந்தாள். 38 படம் வரைந்தாள், 11 தான் உள்ளே போனது. இசையை இணையத்தில் இலவசமாக எடுத்து, லைசென்ஸில் கேட்டிருந்தபடி இசையமைப்பாளர் பெயரைப் போட்டோம். கடைசி நேர அவசரத்தில் தங்கை பெயர் விட்டுப்போயிற்று. அதுகூடப் பரவாயில்லை. விண்டோஸ் லேப்டாப்பில் நன்றாக ஓடிய கேம், அப்லோட் செய்ததும் பிரவுசரில் ஹீரோவே இல்லாமல் வந்தது. கேம் உருவாக்கும் எஞ்சினை மாற்றி, கோடோவை விட்டு யூனிட்டிக்குப் போனால் அடுத்த முறையாவது உருப்படியாக முடிப்போமா?

பதில்: மாட்டீர்கள். புது எஞ்சினில் எந்த பட்டன் எங்கே என்று தேடுவதிலேயே முதல் நாள் போய்விடும். எஞ்சின் பேச்சு இத்தோடு போதும்.

'அதுகூடப் பரவாயில்லை' என்று சொல்ல நீங்கள் யார்? அதை அவள் அல்லவா சொல்ல வேண்டும்! முகம் தெரியாத ஒரு இசையமைப்பாளர் பெயர் அந்த அவசரத்திலும் உங்களுக்கு ஞாபகம் இருந்தது. லைசென்ஸ் கேட்டது, போட்டீர்கள். தங்கை எதுவும் கேட்கவில்லை, அதனால் விட்டுப்போயிற்று. வீட்டு ஆள்தானே, இதற்கெல்லாம் பெயர் எதற்கு என்கிற நினைப்பு இது. வீட்டு ஆள் என்பதால்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

இப்போது அந்த 38க்கு வருவோம். 27 படம் ஏன் வீணாயிற்று? அவள் வரைந்ததில் குறை இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. என்ன வேண்டும் என்று ஒரு பட்டியலாவது கொடுத்தீர்களா? 'ஒரு ஹீரோ, நாலஞ்சு எதிரி, கொஞ்சம் மரம்' என்று வாயால் சொல்லியிருப்பீர்கள். தீம், அதாவது ஜாமின் கருப்பொருள், அறிவித்த உற்சாகத்தில் 5 லெவல், 3 ஆயுதம் என்று திட்டம் போட்டு, நள்ளிரவில் பாதியை வெட்டியிருப்பீர்கள். வெட்டியது தப்பே இல்லை, ஜாமில் வெட்டாமல் யாரும் முடிப்பதில்லை. ஆனால் வெட்டியதை வரைந்துகொண்டிருந்தவளிடம் உடனே சொன்னீர்களா?

பட்டியல் இப்படி இருக்க வேண்டும். ஹீரோ: நிற்க 2 பிரேம் (அசைவில் வரும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்), ஓட 4, குதிக்க 1, அடிபட 1. எதிரி ஒன்றே ஒன்று, 2 பிரேம். தரைக்கு 6 டைல், அதாவது அடுக்கி வைக்கும் சதுரத் துண்டு. பின்னணி 1, தலைப்புப் படம் 1. மொத்தம் 18. ஒவ்வொரு பிரேமும் 32க்கு 32 பிக்சல், பின்னணி இல்லாத பிஎன்ஜி. அந்த அளவிலேயே வரையச் சொல்லுங்கள். 500 பிக்சலில் வரைந்ததை 32க்குச் சுருக்கினால் கோடெல்லாம் கலங்கி முகம் அழிந்துவிடும். பிக்சல் படம் என்றால் கோடோவில் டெக்ஸ்சர் ஃபில்டரை 'நியரஸ்ட்' என்று மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மங்கலாகத் தெரியும். இன்னொன்று, எல்லா பிரேமிலும் பாதம் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒரு பிரேமில் பாதம் 2 பிக்சல் மேலே போனாலும் ஹீரோ ஓடும்போது வலிப்பு வந்தவன் மாதிரி துள்ளுவான். அப்புறம் 'அவள் வரைந்தது சரியில்லை' என்பீர்கள்.

ஹீரோ காணாமல் போனதும் அநேகமாக இந்தப் பட்டியல் இல்லாத கோளாறுதான். கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கும், புரோகிராமில் சின்ன எழுத்தில் எழுதியிருப்பீர்கள். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும். எக்ஸ்போர்ட் செய்த கேம் எடுத்துக்கொள்ளாது. எல்லாப் பெயரும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் என்று முதல் மணி நேரத்திலேயே முடிவு செய்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

கடைசி நேரத்தில்தான் முதன்முதலாக அப்லோட் செய்திருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. ஜாம் தொடங்கி 6ஆம் மணி நேரத்திலேயே, படங்களுக்குப் பதில் வெறும் சாம்பல் கட்டம் நகரும் கேமை அப்லோட் செய்து பிரவுசரில் திறந்து பாருங்கள். கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளம் என்றால் ஜிப்புக்குள் முதல் பக்கக் கோப்பின் பெயர் 'இண்டெக்ஸ்' என்றிருக்க வேண்டும், அதை மறந்துவிட்டு முழிப்பவர்கள் ஏராளம். பிளேயர் ஒருமுறை கிளிக் செய்யும் வரை பிரவுசர் சத்தம் போடாது, ஆகவே 'தொடங்கு' பட்டன் அவசியம். 10ஆம் மணிக்குள் கட்டங்களை வைத்தே விளையாடிப் பாருங்கள். அதில் சுவாரஸ்யம் இல்லையென்றால் படம் வந்தும் வராது. தொடங்கி, விளையாடி, தோற்று, மறுபடி தொடங்கும் சுற்று 24க்குள் முடிய வேண்டும். 36க்குப் பிறகு புது யோசனை யார் வாயிலிருந்து வந்தாலும் கேட்காதீர்கள், பிழை திருத்துவது மட்டும்தான். கெடுவுக்கு 2 மணி நேரம் முன்பே கேம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டு புரோகிராமர் இருக்கிறீர்கள், கேமின் ஒரு காட்சியை வைத்திருக்கும் ஒரே சீன் கோப்பில் இருவரும் கை வைக்காதீர்கள். இருவர் செய்த மாற்றங்களையும் கிட் (Git) மென்பொருளில் இணைக்கும்போது அந்தக் கோப்பு உடைந்தால் அதைச் சரிசெய்யவே பாதி இரவு போகும்.

ஜாம் முடிந்து கேம் கோப்பு பூட்டப்பட்டிருந்தாலும் பக்கத்தில் உள்ள விவரத்தைத் திருத்த இட்ச்.ஐஓ அனுமதிக்கும். எந்தப் பெயரில் போட வேண்டும் என்று தங்கையிடம் கேட்டு, இன்றைக்கே இசையமைப்பாளர் பெயருக்கு மேலே எழுதுங்கள். அடுத்த ஜாமுக்கு அவள் வருவாளா என்பதையும் இப்போதே கேளுங்கள். வருகிறேன் என்றால் தீம் அறிவிக்கும்போதே அவளும் உட்காரட்டும், எதை வெட்டுவது என்பதில் அவளுக்கும் ஓட்டு உண்டு. மாட்டேன் என்றால் கெஞ்சாதீர்கள். பெயர் போடாமலே பயன்படுத்த அனுமதிக்கும் சிசி0 உரிமத்தில் இலவசப் படங்கள் நிறையக் கிடைக்கின்றன, அவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.