கடவுள் நல்லவர் என்றால் துன்பத்தை ஏன் அனுமதிக்கிறார்? கிறிஸ்தவர்களின் பதில் என்ன?

இந்தக் கேள்வியைப் பொழுதுபோகாமல் கேட்பவர்கள் குறைவு. நீங்களும் வீட்டில் யாரையோ இழந்திருக்கிறீர்கள், அல்லது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். வாதத்துக்காகக் கேட்டிருந்தால் என் பதில் உங்களுக்கு உதவாது.

எங்கள் சபைகளில் வழக்கமாகச் சொல்வது இது: தேவன் மனிதனுக்குச் சுயாதீன சித்தம், அதாவது தானே தீர்மானிக்கும் உரிமை, கொடுத்தார், அவன் அதைக் கெடுத்துக்கொண்டதால் தீமை வந்தது. கொலைக்கும் போருக்கும் அது சரி. என் தம்பியைக் கடித்தது கொசு.

2017ல் டெங்கு. அவனுக்கு 19 வயது. பிளேட்லெட் எண்ணிக்கையைக் காலையும் மாலையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். அம்மா அந்தச் சீட்டுகளை வேதாகமத்துக்குள் வைத்துக்கொள்வாள். ஊரில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தார்கள். சனிக்கிழமை எண்ணிக்கை கொஞ்சம் ஏறியது, எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். ஞாயிறு விடியுமுன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஓர் ஊழியக்காரர் வந்து ஜெபித்தார். பிறகு, "இந்த வீட்ல அறிக்கையிடாத பாவம் ஏதோ இருக்கு, யோசிச்சுப் பாருங்க" என்றார். அம்மா ராத்திரி முழுக்க யோசித்தாள். தம்பி வயிற்றில் இருந்தபோது, சுகப்பிரசவமானால் கோவிலில், அதாவது சர்ச்சில், எல்லோருக்கும் போடும் அசன விருந்துக்கு ஒரு மூட்டை அரிசி தருகிறேன் என்று பொருத்தனை பண்ணியிருக்கிறாள். அந்த வருஷம் விளைச்சல் இல்லை, அரை மூட்டைதான் கொடுத்தார்கள். விடிந்ததும் கடைக்குப் போய் முழு மூட்டை வாங்கி, ஆட்டோவில் ஏற்றி, கோவில் வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். "வட்டியோட குடுத்திட்டேன்" என்றாள் என்னிடம். சேலை முந்தியில் தவிடு ஒட்டியிருந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டபோது, அப்பாவின் சபைச் சந்தா மூன்று வருஷம் பாக்கி என்று கமிட்டியார் ரசீதுப் புத்தகத்தை விரித்தார்கள். தம்பி முற்றத்தில் ஃப்ரீசர் பெட்டியில் கிடந்தான். சித்தப்பா பணம் கட்டிய பிறகுதான் குழி வெட்ட ஆள் வந்தது. சபைத் தேர்தல் என்றால் வீடு வீடாக வந்து கும்பிடுகிறவர்கள் இதே ஆட்கள்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விசுவாசிகள் என் மேல் கோபப்பட வேண்டாம். ஜெபத்தை நான் விட்டுவிடவில்லை. 'தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது' என்ற ரோமர் 8:28 எனக்கும் மனப்பாடம். அதை எழவு வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். வேதாகமத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்தவன் யோபு. அவனுடைய சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் நல்லவர்கள். அப்புறம்தான் அவன் என்ன பாவம் செய்தான் என்று தேட ஆரம்பித்தார்கள். யோபு புத்தகம் 42ஆம் அதிகாரத்தில் தேவனுடைய கோபம் அவர்கள் மேல்தான் மூளுகிறது. யோபுவுக்கும் 'ஏன்' என்பதைக் கடைசிவரை அவர் சொல்லவில்லை.

என்னிடமும் அதற்கு விடை இல்லை. செத்துப்போன சிநேகிதன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்திருந்தும் இயேசு கண்ணீர் விட்டார். சிலுவையில் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று நம்முடைய கேள்வியைத்தான் அவரும் கேட்டார். அப்படிக் கேட்டவரிடம் நான் அழலாம், சண்டையும் போடலாம். அதனால்தான் இன்னும் கோவிலுக்குப் போகிறேன்.

அம்மாவிடம் பேச எனக்கு ஒரு வருஷம் ஆனது. லூக்கா சுவிசேஷம் 13ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசு கேட்கிறார், அப்படியல்ல என்று அவரே சொல்கிறார். 'மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள்' என்று அடுத்து வருகிறதே என்பீர்கள். வருகிறது. ஆனால் அங்கே 'எல்லாரும்' என்று இருக்கிறது. செத்தவர் வீட்டை மட்டும் அவர் சுட்டவில்லை.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அந்த பதினெட்டுப் பேரும் யாரு எவருன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அவங்க அம்மாமார்ட்ட யாராவது போய் இதச் சொல்லியிருக்கணும்" என்றாள்.