கிராஜுவிட்டியில் (பணிக்கொடையில்) பிடித்தம்: மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தில் (CAT) வழக்குப் போட இன்னும் நேரம் இருக்கிறதா?

சார், மத்திய அரசு குரூப் சி பணியில் ஓய்வு பெற்ற பிறகு, பழைய சம்பள நிர்ணயம் தவறு என்று கிராஜுவிட்டியில் பிடித்திருக்கிறார்கள். துறைக்கு நீங்கள் அனுப்பிய மேல்முறையீட்டுக்கு எட்டு மாதமாகப் பதில் இல்லை. இன்னொரு நினைவூட்டல் அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

அனுப்புங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். நினைவூட்டல் காலவரம்பை நீட்டாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். 1985ஆம் ஆண்டு நிர்வாகத் தீர்ப்பாயங்கள் சட்டப்படி, மேல்முறையீட்டுக்கு ஆறு மாதம் பதில் வராவிட்டால் நீங்கள் நேரே மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் போகலாம். அந்த ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஓராண்டு அவகாசம். உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. இடையில் நிராகரிப்பு உத்தரவு வந்தால் அதன் நகலையும் சேருங்கள்.

மனுவின் முதுகெலும்பு, ரஃபீக் மசீஹ் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: குரூப் சி, டி ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும் இப்படிப் பிடிக்கக் கூடாது. தவறு துறையுடையது, நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்று தேதிவாரியாகக் காட்டுங்கள். ஆனால் சம்பள உயர்வின்போது 'அதிகம் வந்தால் திருப்பித் தருவேன்' என்று எழுதிக் கொடுத்தீர்களா? துறை முதலில் அதைத்தான் நீட்டும். சர்வீஸ் புக்கை (பணிப் பதிவேட்டை) பார்த்துவிடுங்கள்.

பதவி உயர்வு போன்ற வேறு குறை இருந்தால் அதை இதே மனுவில் சேர்க்காதீர்கள்; ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினைதான். ஓய்வு பெற்றவர் என்பதால், இப்போது குடியிருக்கும் இடத்துக்கான தீர்ப்பாய அமர்விலேயே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. தோற்றால் உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்சில் (இரு நீதிபதிகள் அமர்வில்) ரிட் மனு போடலாம்.