புது ஹிட் தேடுவதா, பழைய ஹிட்டைப் பார்த்துக்கொள்வதா?

கேள்வி: எங்கள் ராக் குழுவுக்கு 24 வயது. ஐந்து ஆல்பம் போட்டிருக்கிறோம். அதில் 17 வருடத்துக்கு முன் வந்த ஒரே ஒரு பாட்டுதான் எல்லாருக்கும் தெரிந்த ஹிட். கையிருப்பை முழுக்கப் போட்டு ஒரு சிங்கிளும் (தனியாக வெளியிடும் ஒற்றைப் பாட்டு) வீடியோவும் எடுத்தால் மறுபடி மேலே வந்துவிடலாம் என்கிறார் பாடகர். "அந்தப் பழைய பாட்டை வாசித்து வாசித்துக் கை மரத்துப்போச்சு, அதை நிறுத்தினாலே போதும்" என்கிறார் டிரம்மர். பாஸ் வாசிக்கும் நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். பழைய குழுக்களுக்கு ஹிட் சிங்கிள் இன்னமும் முக்கியம்தானா?

பதில்: கையிருப்பை முழுக்கப் போட வேண்டாம். பாடகர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஹிட் முக்கியம்தான், ஆனால் உங்களுடையது 17 வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. இனி பணமும் நேரமும் போக வேண்டியது அதைப் பராமரிக்க.

பெரிய குழுக்களையே பாருங்கள். 2009இல் யு2 போட்ட ஆல்பத்தின் முதல் சிங்கிள் அமெரிக்கப் பட்டியலில் 37ஆம் இடத்தைத் தாண்டவில்லை. அதே வருடம் கிளம்பிய அவர்களுடைய 360 டிகிரி டூர் 2011 வரை 110 கச்சேரி ஓடி, 70 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்று, 73 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதுவரை எந்த டூரும் எட்டாத தொகை அது. ஏசி/டிசி அமெரிக்க சிங்கிள் பட்டியலில் தொட்ட உச்சமே 23ஆம் இடம்தான். ஆனால் அவர்களுடைய 1980 ஆல்பமான 'பேக் இன் பிளாக்' அங்கே மட்டும் குறைந்தது இரண்டரைக் கோடிப் பிரதிக்குச் சான்றிதழ் வாங்கியிருக்கிறது.

புது சிங்கிள் ஏன் ஏறுவதில்லை? பட்டியல் இப்போது பெரும்பாலும் எண்ணுவது ஸ்ட்ரீமை. ஒரே பாட்டை ஒரு நாளில் முப்பது தடவை கேட்கிற வயதினர்தான் எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள். உங்கள் ரசிகர் புதுப் பாட்டை இரண்டு முறை கேட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பழைய ஆல்பத்துக்குத் திரும்பிவிடுவார். அந்தப் பழைய பாட்டாவது பட்டியலில் தெரியுமா என்றால் அதுவும் கஷ்டம். பிரிட்டன் பட்டியலில் மூன்று வருடத்துக்கு மேல் பழைய பாட்டின் ஸ்ட்ரீமுக்கு வழக்கமாகப் பாதி மதிப்புதான். எனவே பட்டியலை வைத்து உங்கள் உயரத்தை அளக்காதீர்கள்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1999இல் வந்த சந்தானா குழுவின் 'ஸ்மூத்' பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 12 வாரம் முதலிடத்தில் இருந்தது; அதைப் பாடியவர் வேறொரு இளம் குழுவின் பாடகர் ராப் தாமஸ். ஏரோஸ்மித்தின் ஒரே அமெரிக்க முதலிடம் 1998இல் வந்தது. வெளியாள் எழுதிய சினிமாப் பாட்டு அது. மெட்டாலிகாவின் 1986 பாட்டு ஒன்று 2022இல் ஒரு தொலைக்காட்சித் தொடரால் மறுபடி ஏறியது. மூன்றிலும் கதவைத் திறந்தது வெளியிலிருந்து வந்த ஒன்று. அந்தக் கதவு திறக்கும் நாளில் உங்கள் பழைய பாட்டின் உரிமைத் தாள்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதுதான் நீங்கள் இன்று பார்க்க வேண்டிய வேலை.

(தாமதமாக வரும் ஹிட் எப்போதும் வரமும் அல்ல. 1965இல் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் குழுவுக்கு முதல் பத்துக்குள் வந்த ஒரே பாட்டு 1987இல் கிடைத்தது, 9ஆம் இடம். அதற்குப் பிறகு டிக்கெட் இல்லாமலே அரங்க வாசலில் குவிந்த கூட்டத்தைச் சமாளிப்பது அவர்களுக்குத் தீராத தலைவலியாகிவிட்டது.)

சிங்கிளே வேண்டாம் என்று சொல்லவில்லை. டூர் வருகிறது என்று ஊருக்குச் சொல்ல அது ஒரு சாக்கு, அந்த அளவுக்கு மட்டும் செலவு செய்யுங்கள். டிக்கெட் விற்பனை தொடங்கும் வாரத்திலேயே பாட்டும் வரட்டும். ஸ்பாட்டிஃபையில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு பாட்டைப் பரிந்துரைக்கு அனுப்பினால்தான் உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுவரவுப் பட்டியலில் அது உறுதியாக வரும்; மூன்று நான்கு வாரம் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. 30 நொடி ஓடினால்தான் அங்கே ஒரு ஸ்ட்ரீம் கணக்காகும். ஐம்பது நொடி கிதார் முன்னிசையை ஆல்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிங்கிளில் குரல் சீக்கிரம் வரட்டும்.

இனி பழைய ஹிட். அதன் மாஸ்டர் (மூல ஒலிப்பதிவின் உரிமை) யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடம் என்றால் ஒப்பந்தத்தில் மறுபதிவுத் தடை எத்தனை வருடம் என்று தேடிப் படியுங்கள். தடை முடிந்திருந்தால் நீங்களே மறுபடி பதிவு செய்யலாம். டிஜிட்டல் விற்பனை வருமானத்தில் பங்கு பற்றிக் கம்பெனியோடு வந்த தகராறில் டெஃப் லெப்பர்ட் குழு 2012இல் தன் பழைய ஹிட்டுகளை அப்படித்தான் பதிவு செய்தது. செய்வதானால் மெருகேற்றாதீர்கள், நகலெடுங்கள். மூலப் பதிவு கிளிக் (காதில் தாளம் தட்டும் ஒலி) இல்லாமல் வாசித்ததாக இருந்தால் வேகம் கோரஸில் (பல்லவி) கொஞ்சம் ஏறி, வெர்ஸில் (சரணம்) இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தையே டெம்போ மேப்பாக (வேகக் குறிப்பு) எடுத்து அதன் மேல் வாசியுங்கள். நேர்க்கோடாக வைத்தால், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், கேட்பவருக்கு ஏதோ உறுத்தும். ஒன்று மறக்க வேண்டாம்: சினிமாவுக்கோ விளம்பரத்துக்கோ கொடுக்கப் பதிவு உரிமை மட்டும் போதாது, பாட்டை எழுதிய உரிமையும் வேண்டும். அது பப்ளிஷரிடம் (பாடல் உரிமையை நிர்வகிப்பவர்) இருந்தால் அவர் சம்மதமும் தேவை.

மாஸ்டர் உங்களுடையதே என்றால் ஆபத்து வேறு இடத்தில். டிஸ்ட்ரிபியூட்டரை (பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தருபவர்) மாற்றும்போது பழையதை முதலில் எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவார்கள். பல வருட எண்ணிக்கையும், பாட்டு இருந்த பிளேலிஸ்ட்டுகளும் போய்விடும். சரியான முறை இதற்குத் தலைகீழ். அதே ஆடியோ கோப்பு, அதே தலைப்பு, அதே 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணோடு (ஒவ்வொரு பதிவுக்குமான அடையாளக் குறியீடு) புதிய இடத்தில் முதலில் ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்து எண்ணிக்கை ஒட்டிக்கொண்ட பிறகு பழையதை எடுக்கச் சொல்லுங்கள். மறுபதிவுக்கு மட்டும் புது எண்.

மேடைக்கு வருவோம். பாடகருக்கு அந்த உச்ச நோட் இன்னும் எட்டுகிறதா? எட்டவில்லை என்றால் அரை ஸ்வரம் (ஒரு செமிடோன்) இறக்குங்கள். கூட்டத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். முழு ஸ்வரம் (இரண்டு செமிடோன்) இறக்கினால்தான் பாட்டின் பளபளப்பு குறையும். இறக்குவதை டியூனிங்கில் செய்யுங்கள், விரலில் அல்ல. விரல் வைக்காமல் திறந்த ஸ்டிரிங்கில் ஓடும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) அப்போதுதான் கெடாது. ஆனால் ஸ்டிரிங் தளர்ந்து கடகடக்கும். அதனால் தடித்த ஸ்டிரிங் வேண்டும்: கிதாரில் 9 செட் இருந்தால் 10. உங்கள் பாஸில் 45-105 இருந்தால் 50-110 போடுங்கள். போட்டபின் கழுத்தின் மேல்முனையில் இருக்கும் நட் பள்ளத்தில் தடித்த ஸ்டிரிங் உட்காருகிறதா, கழுத்து வளைவு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மைனஸ் ஒன்று. பின்னணி டிராக் இருந்தால் முழு மிக்ஸையும் அப்படியே இறக்காதீர்கள், டிரம் சத்தம் மந்தமாகிவிடும். தனித்தனி டிராக்கிலிருந்து மறுபடி எடுங்கள்.

90 நிமிடக் கச்சேரி என்றால் 15 பாட்டு, அதில் புதியது இரண்டு. முதல் புதுப் பாட்டு மூன்றாவதாக வரட்டும். முதல் இரண்டு பாட்டுக்குள் சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸைச் சரிசெய்துவிடுவார். வரிகள் தெரியாத பாட்டுக்குக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஹிட்டை என்கோருக்கு (கச்சேரி முடிந்தபின் மறுபடி மேடையேறி வாசிப்பது) ஒதுக்கிவைக்காதீர்கள். நேரம் முடிந்ததென்று அரங்கத்தார் விளக்கைப் போட்டுவிட்டால் அதோடு போச்சு. முக்கியப் பட்டியலின் கடைசியில் வையுங்கள்.

டிரம்மருக்கு வருவோம். பாட்டை நிறுத்த முடியாது. ஆனால் ஒத்திகையில் அதை வாசிக்கவே வேண்டாம், டூருக்கு முன் ஒரு தடவை போதும். அவர் அலுப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். வருடக்கணக்கில் மேடையில் வாசிக்கும் பாட்டு தானாக வேகம் பிடிக்கும். பதிவில் நிமிடத்துக்கு 118 அடி என்றால் மேடையில் 128 ஆகியிருக்கும். அந்த வேகத்தில் குரூவ் உட்காராது, பாடகருக்கு மூச்சு எடுக்க இடம் இருக்காது, உச்ச நோட் எட்டாததும் பாதி அதனால்தான் இருக்கும். போன கச்சேரியின் பதிவை எடுத்து முதலில் அதை அளந்து பாருங்கள். கூடியிருந்தால், எண்ணித் தொடங்கும் நான்கு அடிக்கு மட்டும் டிரம்மர் காதில் கிளிக் கொடுங்கள். ஸ்டிரிங் மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.